எண்ணுக்கும் வமிசாவளி வேண்டும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



நான் பிரசங்கம் செய்து பழகியவனல்லன். கணக்கு எழுதியும், பிறர் எழுதிய கணக்கைக் கணினியில் ஏற்றியும் காலங்கழித்தவன். எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயமோ, கையால் நிரப்பிவரும் ஷீட்டுகளை விட்டு, தானே ஓடும் தரவுக் குழாய்க்கும் தரவுக் கிடங்குக்கும் மாறுதல் என்பது. "இது பெரிய கம்பெனிகளுக்கு உரிய சங்கதியாயிற்றே, சில ஊர்க் கிளைகளும், ஒரு கல்வி நிதியும், ஒரு மாணவர் விடுதியும் நடத்திவரும் நமக்கு இதனால் ஆவதென்ன?" என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அக்கேள்விக்கு விடையாக, என் குற்றம் ஒன்றைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் கல்வி நிதிக்கு நான் ஊதியமின்றிக் கணக்குதவி செய்துவந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டுவதில்லை. பிழை அதனுடையதன்று, என்னுடையது. மாணாக்கரின் விண்ணப்பங்கள் ஒரு ஷீட்டில் இருந்தன. உபகாரச் சம்பளத்துக்குத் தேர்ந்தவர்களின் ஜாபிதா மற்றொரு ஷீட்டில் இருந்தது. பாங்கிக்கு அனுப்பும் ஜாபிதா மூன்றாவது ஷீட். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகலெடுத்து ஒட்டுவது என் வேலை. ஒரு பெண்ணின் விண்ணப்பம் சற்றுத் தாமதமாக வந்தது. மற்றவர்களுடைய பாங்கிக் கணக்கு எண்கள் எழுத்து வடிவில் பதிவாகியிருந்தன. அவளுடையதை மட்டும் நான் கையால், எண் வடிவில் பதித்தேன். அது பதினாறு இலக்கமுள்ள எண். எக்ஸெல் என்னும் அந்தக் கருவி ஓர் எண்ணில் முதற் பதினைந்து இலக்கங்களையே காப்பாற்றும். பதினாறாவதைப் பூச்சியமாக மாற்றிவிடும். அவ்வாறே மாற்றிவிட்டது. நான் கவனிக்கவில்லை.

அப்படி ஒரு கணக்கே இல்லையென்று பாங்கியார் பணத்தைத் திருப்பினார்கள். திருப்பிய செய்தி வேறொருவரின் தபாலுக்குப் போயிற்று. என் ஷீட்டிலோ, பணம் அனுப்பிய அன்றே "கொடுத்தாயிற்று" என்று நான் எழுதி முடித்திருந்தேன். பாங்கி இருப்பில் அத்தொகை மிகுந்து நின்றதைக் கண்டபோதும், யாரோ நன்கொடை செலுத்தியிருப்பார் என்று எண்ணி வாளாவிருந்தேன். அந்தப் பெண்ணின் தகப்பனார், நிதியார் மறுத்துவிட்டார்கள் போலும் என்று நினைத்து, கேட்பதற்குக் கூசி, மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தினார். மறு வருஷம் அவள் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று விசாரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. நிதியில் பணம் இருந்தது; கொடுக்க மனமும் இருந்தது; ஜாபிதாவில் அவள் பெயரும் இருந்தது. ஓர் இலக்கம் மாறியதால் ஒரு குடும்பம் வட்டி கட்டியது.

சகோதரர்களே! அன்று என்னை வருத்தியது பிழை நேர்ந்ததன்று. மனிதர் செய்யும் வேலையில் பிழை நேரும். அந்தப் பூச்சியம் எங்கிருந்து வந்தது, யார் எழுதியது, மூலப் பத்திரத்தில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாட்கள் சென்றன. நம் குடும்பத்தில் ஒரு சம்பந்தம் பேசுவதென்றால் பாட்டன் பூட்டன் வரையில் விசாரிக்கும் நாம், ஓர் எண்ணைப் பார்த்து, "உன் பூர்வோத்தரம் என்ன?" என்று கேட்பதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றே: எண்ணுக்கும் வமிசாவளி வேண்டும். குழாய், கிடங்கு என்பனவெல்லாம் அந்த வமிசாவளியைக் காப்பதற்கான ஏற்பாடுகளே யன்றி வேறல்ல.

இத்தகைய பிழை என்போன்ற எளியவர்களுக்கே நேரும் என்று எண்ணவேண்டாம். 2020-ம் வருஷத்தில் கொரோனா நோய் பரவியபோது, இங்கிலாந்தில் சோதனைச் சாலைகள் அனுப்பிய நோயாளிகளின் ஜாபிதாக்களைச் சுகாதார ஸ்தாபனத்தார் பழைய எக்ஸெல் கோப்பு வடிவத்தில் ஏற்றிவந்தார்கள். அந்தப் பழைய வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகளுக்கே இடம் உண்டு. ஒரு நோயாளிக்குப் பல வரிகள் செலவானபடியால் ஒரு கோப்பில் ஏறக்குறைய 1,400 பேரே அடங்கினர். மிகுந்த வரிகள் சத்தமின்றி வெளியே விழுந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையில் 15,841 நோயாளிகள் தினசரிக் கணக்கில் சேராமற் போயினர். நோய் கண்டவர்களுக்கு அவரவர் சோதனை முடிவு தெரிந்திருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அந்நாட்களில் நடைபெறவில்லை. கோப்பு நிறைந்துவிட்டதென்று ஒரு குரலும் எழவில்லை.

பொருளாதாரப் பேராசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் இருவர் 2010-ம் வருஷத்தில் வெளியிட்ட கட்டுரையில், தேசத்தின் கடன் அதன் வருஷ உற்பத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறைக் கடந்தால் உற்பத்தி வளராமல் சராசரியாக வருஷத்துக்கு 0.1 சதவிகிதம் குறைந்து போகிறது என்று காட்டினர். 2013-ம் வருஷத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய ஷீட்டையே கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து தேசங்களின் வரிகள் விடுபட்டிருந்தன. அப்பிழையையும், சில வருஷங்களின் கணக்கை விட்டதையும், சராசரி எடுத்த முறையையும் சேர்த்துத் திருத்தியபோது, குறைவு 0.1 என்றது வளர்ச்சி 2.2 என்று ஆயிற்று. அதற்குள் மூன்று வருஷங்கள் சென்றுவிட்டன. பல தேசங்களில் சிக்கன நடவடிக்கைகளுக்கு அக்கட்டுரை ஆதாரமாக எடுத்துக் காட்டப்பட்டிருந்தது. விடுபட்ட வரிகளைக் கண்டது மகா மேதை யொருவரல்லர். மூலத்தைக் காட்டு என்று கேட்ட ஒரு மாணவர்.

இவ்வளவும் சொன்னதால் ஷீட் பொல்லாத வஸ்து என்று நான் கூறுவதாக எண்ணலாகாது. அதன் பிறப்பே ஓர் உபகாரத்தில் உண்டானது. 1978-ம் வருஷத்தில் ஹார்வர்ட் வியாபாரக் கல்லூரியில் டான் பிரிக்லின் என்பவர் மாணவராக இருந்தார். ஆசிரியர் கரும்பலகையில் கட்டங் கட்டமாக எண்களை எழுதி, ஓரிடத்தில் மாறுதல் நேர்ந்தால் அதைத் தொடர்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுதுவதைக் கண்டு, ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறும் பலகை இருந்தால் எவ்வளவு நலமென்று எண்ணினார். பாப் ஃப்ராங்க்ஸ்டன் என்ற நண்பரோடு சேர்ந்து 1979-ம் வருஷத்தில் விசிகால்க் என்ற கருவியை வெளியிட்டார். இன்று நம் கடைகளிலும் சங்கங்களிலும் வழங்கும் ஷீட்டுகளெல்லாம் அதன் சந்ததியே. ஒருவர் தாமே உட்கார்ந்து, "விலை இப்படியானால் லாபம் எப்படி?" என்று ஆலோசித்துப் பார்ப்பதற்கு அதனினும் நல்ல துணை இல்லை.

ஆனால் ஆலோசிப்பதற்குப் பிறந்த பலகையை நாம் நிரந்தரப் பதிவேடாக்கினோம். அங்கேதான் கேடு புகுந்தது. ஷீட்டில் மூலப் பதிவும், அதன்மேற் செய்த கணக்கும், முடிவான தொகையும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கின்றன. எழுதியதன் மேல் எழுதினால் முன்பிருந்தது மறைந்துவிடுகிறது. காரியதரிசியிடம் ஒரு நகல், பொக்கிஷதாரிடம் ஒரு நகல், கிளைச் சங்கத்தில் ஒரு நகல் என்று ஒன்று மூன்றாகிறது. "கடைசி", "புதுக் கடைசி" என்று கோப்புகளுக்குப் பெயர் வளர்கிறது. எது மெய்யென்று சொல்ல, அதை எழுதியவர் ஊரில் இருக்கவேண்டும்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மினும் ஜாக்கிரதையாக இருந்தார்கள். கடையில் நடந்தது நடந்தபடியே அன்றன்று நாள்வழியில் ஏறும். நாள்வழியிலிருந்து பேரேட்டில் ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பற்று வரவு பிரியும். பேரேட்டிலிருந்து வருஷ முடிவில் ஐந்தொகை கட்டுவார்கள். ஐந்தொகையில் ஒரு தொகை சந்தேகமானால் பேரேட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். பேரேட்டில் சந்தேகமானால் நாள்வழித் தேதியைப் புரட்டலாம். நாள்வழியைச் சுரண்டித் திருத்துவது வியாபாரியின் நாணயத்துக்கே இழுக்கு. பிழை நேர்ந்தால் மறு தேதியில் நேர்ப்பதிவு எழுதுவதே முறை. இத்தாலியிலும் இவ்வழக்கம் இருந்தது. 1494-ம் வருஷத்தில் வெனிஸ் நகரில் அச்சான நூலில் லூக்கா பாச்சியோலி என்ற பாதிரியார், நடந்ததை நடந்தபடி எழுதும் குறிப்புப் புத்தகம், நாட்குறிப்பு, பேரேடு என மூன்று புத்தகங்களை வியாபாரிக்கு விதிக்கிறார். கடல் கடந்து இரு தேசத்து வியாபாரிகளும் கைக்கொண்ட ஒழுங்கு இது.

இந்த ஒழுங்குதான் இன்று தரவுக் கிடங்கு என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. 1988-ம் வருஷத்தில் ஐபிஎம் கம்பெனியைச் சேர்ந்த பாரி டெவ்லின், பால் மர்ஃபி என்போர் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினர். 1992-ம் வருஷத்தில் பில் இன்மன் என்பவர் இதற்கென்றே ஒரு நூல் இயற்றினார். அவர் கிடங்குக்கு நான்கு லக்ஷணங்கள் கூறுகிறார். பல இலாகாக்களின் பதிவுகள் பொருள்வாரியாக அடுக்கப்பட்டிருக்கவேண்டும். ஒரே பெயருக்கு ஒரே பொருள் என்று ஒருமைப்பட்டிருக்கவேண்டும். ஒவ்வொரு பதிவும் தனக்குரிய காலத்தோடு நிற்கவேண்டும். ஒருமுறை உள்ளே சேர்ந்தது பின்பு அழிக்கப்படலாகாது. நாள்வழியும் பேரேடும் கண்டு வளர்ந்த நமக்கு இவற்றில் அந்நியமானது யாதொன்றும் இல்லை.

இனிக் குழாய் என்பது யாது? ஊருக்கு வெளியே உள்ள கிணற்றிலிருந்து குடத்தில் நீர் சுமந்த காலத்தில், எத்தனை குடம் எடுத்தோம், வழியில் எவ்வளவு சிந்திற்று என்பது சுமந்தவருக்கே தெரியும். குழாய் போட்டபின் நீர் குறித்த வழியில் குறித்த நேரத்தில் வரும். இடையில் அளவுமானியும் வைக்கலாம். தரவுக் குழாயும் அதுபோலவே. கிளைச் சங்கத்தார் ரசீது போட்ட சந்தா, விடுதியின் வருகைப் பதிவு, பாங்கியின் வரவு செலவு ஆகியவை ஒவ்வோர் இரவும் குறித்த நேரத்தில், மனிதர் கை படாமல், கிடங்குக்கு வந்து சேரும்படி எழுதிவைத்த கட்டளைத் தொடர் அது. அது செய்யும் வேலை மூன்று: எடுத்தல், ஒழுங்குபடுத்தல், சேர்த்தல். எடுத்ததை எடுத்தபடியே முதலில் ஓர் அறையில் பூட்டி வைக்கும், அதுவே நாள்வழி. அதன் நகலைக்கொண்டு ஒழுங்குசெய்த அட்டவணைகள் பேரேடு. அவற்றிலிருந்து நிர்வாக சபைக்கு வரும் மாத அறிக்கை ஐந்தொகை.

குழாயில் வைக்கவேண்டிய அளவுமானிகளில் மூன்றை மட்டும் சொல்லுகிறேன். முதலாவது, அனுப்பிய வரிகள் எத்தனை, வந்த வரிகள் எத்தனை. அனுப்பிய தொகை எவ்வளவு, சேர்ந்த தொகை எவ்வளவு என்று ஒவ்வோர் இரவும் ஒத்துப் பார்த்தல். இங்கிலாந்தில் இந்த ஒன்றைச் செய்திருந்தால் விடுபட்ட நோயாளிகளின் செய்தி முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். இரண்டாவது, ஒரே நாட் கணக்கை மறதியாலோ மின்சாரம் நின்றதாலோ இருமுறை ஏற்றினாலும் தொகை இரட்டிக்காதபடி, ரசீது எண்ணைக்கொண்டு தடுத்தல். மூன்றாவது, பதினாறு இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் பதினைந்து வந்தாலும், தேதி இருக்கவேண்டிய இடத்தில் பெயர் வந்தாலும், அந்த வரியை ஏற்காமல் தனியே நிறுத்தி, பொறுப்பாளருக்குச் செய்தி அனுப்புதல். பாங்கிக் கணக்கு எண் என்பது கூட்டிக் கழிக்கும் எண்ணன்று, அது ஒரு பெயர்; ஆகவே எழுத்து வடிவிலேயே இருக்கவேண்டும் என்று ஒருமுறை விதித்துவிட்டால், பின்பு எவர் கை தவறினாலும் விதி தவறாது.

அந்தப் பெண்ணின் காரியத்தில் இந்த மூன்றும் போதா என்பதையும் சொல்லவேண்டும். பதினாறாவது இலக்கம் பூச்சியமானபோதும் இலக்கங்கள் பதினாறாகவே இருந்தன. அளவுமானி அதை அறிந்திராது. அதைப் பிடிப்பது பாங்கியின் பதிவை நம் பதிவோடு தினந்தோறும் பொருத்திப் பார்க்கும் வேலை. "கொடுத்தாயிற்று" என்னும் சொல்லை மனிதர் எழுதலாகாது. பணம் திரும்பாமல் சென்றடைந்தது என்று பாங்கியின் பதிவு காட்டினால் மட்டுமே அச்சொல் தானே தோன்றவேண்டும். திரும்பிய தொகை மறுநாட் காலையில் காரியதரிசியின் முன் நிற்கவேண்டும். இவ்வளவு இருந்திருந்தால் அந்தச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிராது.

பெரியோர்களே! இங்கே ஓர் எச்சரிக்கை. குழாய் நல்ல நீரையும் கொண்டுவரும். சேற்று நீரையும் அதே விசுவாசத்தோடு கொண்டுவரும். முன்பு மாதம் ஒருமுறை வந்த பொய்க் கணக்கு இப்போது இரவுதோறும் வரும். அழகான படங்களோடு வருவதால் அதை நம்புவாரும் பெருகுவர். ஆகையால் குழாய் போடுமுன் செய்யவேண்டிய வேலை கணினியில் இல்லை. இந்தச் சபையில் இருக்கிறது.

உதாரணமாக, நம் சங்கத்தில் குடும்பங்கள் எத்தனை என்று கேட்டுப்பாருங்கள். சந்தாப் புத்தகம் வைத்திருப்பவர் ஒரு தொகை சொல்லுவார். விழாவுக்கு அழைப்பு அனுப்புபவர் மற்றொன்று சொல்லுவார். கல்வி நிதியார் வேறொன்று சொல்லுவார். மூவரும் பொய்யரல்லர். ஒருவர் ரசீதை எண்ணுகிறார். ஒருவர் விலாசத்தை எண்ணுகிறார். ஒருவர் அடுப்பை எண்ணுகிறார். பாகம் பிரிந்த சகோதரர் இருவர் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு குடும்பமா, இரண்டா? கணவனை இழந்து தாய்வீடு வந்திருக்கும் பெண் தகப்பன் குடும்பத்தில் அடங்குவாளா, தனிக் குடும்பமா? இரண்டாவது கேள்விக்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்து அவள் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் கிடைப்பதும் கிடையாமற் போவதும் இருக்கிறது. தகப்பனார் வருமானத்தோடு அவளைச் சேர்த்தால் வரம்பு கடந்துவிடும். தனியே கொண்டால் அவளே முதல் தகுதியுடையவள். இதைத் தீர்மானிப்பது கணினிக்காரன் கடமையன்று. நாம் தீர்மானியாமல் விட்டால், எங்கேயோ இருந்து கட்டளை எழுதும் ஓர் இளைஞர், அது தர்ம விஷயம் என்றே அறியாமல், ஒரு வரியில் தீர்மானித்துவிடுவார். பின்பு அது யாருடைய தீர்மானம் என்பதும் மறந்துபோகும்.

பெயர்களின் சங்கதியும் அப்படியே. முதலெழுத்தை ஒருவர் முன்னே போடுவார். ஒருவர் பின்னே போடுவார். ஒருவர் தமிழில் சு என்பதை மற்றொருவர் எஸ் என்பார். சு. முருகேசன், முருகேசன் சு., எஸ். முருகேசன் என்ற மூன்று பெயர்களில் ஒருவரே மூன்று அங்கத்தினராகிவிடுவார். பழைய ஷீட்டுகளிற் பல பாமினி முதலிய எழுத்துருக்களில் உள்ளன. அவற்றை இன்று வழங்கும் யூனிகோடு முறைக்கு மாற்றாவிட்டால் பெயரே படிக்க வராது. ஆகவே ஒவ்வோர் அங்கத்தினருக்கும் மாறாத எண் ஒன்று கொடுத்து, பெயர் எப்படி எழுதப்பட்டாலும் அவ்வெண்ணைக்கொண்டே அறியவேண்டும்.

காலத்தின் கேள்வி மற்றொன்று. ஒரு குடும்பம் சென்ற வருஷம் மதுரையில் இருந்து, இவ்வருஷம் கோயமுத்தூருக்குக் குடியேறியதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டில் விலாசத்தை அழித்து எழுதினால், சென்ற வருஷம் மதுரைக் கிளை வசூலித்த சந்தாவும் கோயமுத்தூர்க் கணக்கில் போய்ச் சேரும். மதுரைக் கிளையார் வேலை செய்யாதவர் போலத் தோன்றுவர். கிடங்கில் பழைய விலாசத்தை அழிப்பதில்லை. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையில் மதுரை, அதன்மேல் கோயமுத்தூர் என்று இரண்டு வரிகளாக நிற்கும். அந்தந்தக் காலத்தின் புகழும் பொறுப்பும் அந்தந்தக் கிளைக்கே சேரும்.

இவ்வளவையும் ஓரிடத்தில் சேர்ப்பதில் அபாயம் இல்லாமலில்லை. ஏழைக் குடும்பத்தின் வருமானம், பிள்ளைகளின் மதிப்பெண், வியாதி முதலிய காரணங்களால் கேட்ட உதவி ஆகியவை இப்போது பல அலமாரிகளில் சிதறிக் கிடப்பதே ஒருவகைப் பாதுகாப்பு. கிடங்கில் சேர்ந்தபின், திறவுகோல் உள்ளவர் எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்துவிடலாம். வரன் தேடும் வீட்டார் கைக்கு அந்த விவரம் போய்ச் சேர்ந்தால் என்னாகும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். உதவி கேட்டவர் மானம் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள். இந்திய பார்லிமெண்டு 2023-ம் வருஷத்தில் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியிருக்கிறது. எதற்காக வாங்கினோமோ அதற்கே விவரத்தைப் பயன்படுத்தவேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. சட்டம் இல்லாவிடினும் நமக்கு அந்தக் கடமை உண்டு. ஆகவே எவர் எதைப் பார்க்கலாம் என்பதை முன்னரே எழுதிவைத்து, எவர் எப்போது பார்த்தார் என்பதையும் பதிவாக்கவேண்டும்.

நமது குமாஸ்தாக்களுக்கு வேலை போய்விடுமோ என்று கவலைப்படுவோரும் உளர். நகலெடுத்து ஒட்டும் வேலை போகும், அது போகவேண்டியதே. ஆனால் இந்த ரசீது ஏன் ஒத்துவரவில்லை, இந்தப் பெயர் அந்தப் பெயர்தானா, இந்த நன்கொடை எந்த நிதிக்குரியது என்று அறிந்து தீர்ப்பவர் எப்போதும் வேண்டும். இருபது வருஷம் நம் கணக்கெழுதிய பெரியவருக்கு மனத்தில் உள்ள விதிகளை அருகிலிருந்து கேட்டு எழுதிக்கொள்ளாமல் குழாய் போட முனைபவர், கிணறு எங்கே என்று கேளாமல் குழாய் புதைப்பவர் ஆவார். அவரைப் பழையவர் என்று ஒதுக்காமல், இந்தக் காரியத்துக்கு முதல் ஆசிரியராக வைத்துக்கொள்ளவேண்டும்.

செலவைப் பற்றிச் சில வார்த்தைகள். விற்பனைக்கு வருகிறவர்கள் பெரிய பெயர்களைச் சொல்லி மயக்குவார்கள். கோடிக்கணக்கான வரிகளை ஆளுகிற கம்பெனிகளுக்கு அவை வேண்டும். நம் பதிவுகள் சில ஆயிரம். கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் 1986-ம் வருஷத்தில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளக் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. இரவு குறித்த நேரத்தில் வேலையை எழுப்பிவிட, யூனிக்ஸ் காலந்தொட்டு வழங்கும் கிரான் என்ற சிறு கருவி போதும். ஒரு சாதாரணக் கணினியும், வேறோர் ஊரில் வைத்த மறு பிரதியும், வாரம் ஒரு மாலைப் பொழுதைத் தரச் சம்மதிக்கும் இரண்டு இளைஞர்களும் நமக்கு ஆரம்ப முதல். இருவர் என்று ஏன் சொல்லுகிறேன் என்றால், ஒருவரே அறிந்த குழாய் ஒருவரே அறிந்த ஷீட்டினும் கேடானது. எழுதியதை மற்றவர் படித்து ஒப்புக்கொண்ட பின்னரே அது ஓடவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயலவேண்டாம். முதலில் கல்வி நிதி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று மாதம் பழைய ஷீட்டும் புதிய கிடங்கும் கூடவே நடக்கட்டும். ஒவ்வொரு மாத முடிவிலும் இரண்டு தொகைகளையும் பொருத்திப் பார்ப்போம். வேறுபாடு தோன்றும், தோன்றாவிட்டால்தான் நான் சந்தேகிப்பேன். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் கண்டு எழுதிவைத்த பின்னர், பழைய ஷீட்டை மூடலாம். ஷீட் என்னும் கருவியை விட்டொழிப்பதாகவும் பொருளன்று. கிடங்கிலிருந்து விவரத்தை அதில் இறக்கிப் பார்க்கலாம், ஆலோசிக்கலாம். ஆனால் அதில் எழுதியது மூலத்தைத் தொடலாகாது.

ஆகவே இச்சபையோர் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். ஒன்று: குடும்பம், அங்கத்தினர், வருமானம், கொடுத்தாயிற்று என்னும் நான்கு சொற்களுக்கும் நம் சங்கத்தில் என்ன பொருள் என்பதை வரையறுக்க, தாய்மார் இருவரையும் உட்கொண்ட ஐவர் கமிட்டி அமைக்கவேண்டும். கணவனை இழந்த பெண்ணின் குடும்பத்தைப் பற்றிய கேள்வியை அவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். இரண்டு: மூலப் பதிவு எதையும் எவரும் அழிக்கலாகாது, பிழையைப் புதிய தேதியில் நேர்ப்பதிவாகவே எழுதவேண்டும் என்று ஒரு தீர்மானம் செய்யவேண்டும். மூன்று: வருஷக் கூட்டத்தில் நிர்வாகிகள் வாசிக்கும் எந்தத் தொகையைக் குறித்தும், "இது எங்கிருந்து வந்தது?" என்று எந்த அங்கத்தினரும் கேட்கலாம், கேட்டால் ரசீது வரையில் காட்டவேண்டும் என்று விதி ஏற்படுத்தவேண்டும்.

நான் முதலிற் சொன்ன பெண்ணுக்கு நிதியார் அத்தொகையையும் அடகு வட்டியையும் பிற்பாடு கொடுத்தார்கள். சங்கிலி மீண்டது. அவள் படிப்பை முடித்து இப்போது ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறாள். அவள் தகப்பனார் என்னைக் கண்டபோது கோபிக்கவில்லை. "கேட்டிருக்கலாம், ஆனால் யாரைக் கேட்பதென்று தெரியவில்லை" என்று மட்டும் சொன்னார். அவர் கேட்டிருந்தாலும் அன்று விடை சொல்ல எங்களுக்குத் தெரிந்திராது. இனி இப்படி ஒருவர் நம் சங்கத்தின் வாயிலில் வந்து நின்றால், அவரை உட்காரவைத்து அந்த நிமிஷமே விடை சொல்லக்கூடிய நிலையில் நாம் இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.